அமெரிக்காவிற் குடியேறிய கொரியரும் கானா நாட்டாரும்

பொருளியல் பற்றி எழுதுவோர் திரும்பத் திரும்ப எடுத்தாளும் ஒப்புமைகள் சில உள. கானாவையும் தென் கொரியாவையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. 1957ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி பொற்கரை நாடு கானா என்னும் பெயருடன் விடுதலை பெற்றது. அப்பொழுது போரினாற் சிதைந்து கிடந்த தென் கொரியா கானாவிலும் செல்வம் மிக்க நாடென எவரும் கூறியிரார். கொக்கோவும் பொன்னும் விளையும் கானாவுக்கே எதிர்காலம் உண்டென எண்ணியோர் பலர். இன்றோ கொரியாவின் தலா வருமானம் கானாவினதைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டு நிற்கின்றது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அமெரிக்கப் பேராசிரியர் சாமுவேல் ஹண்டிங்டன் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூலின் முன்னுரையில் இவ்வினாவை எழுப்பி, பண்பாடே காரணம் என்று விடையும் இறுத்தார். சிக்கனம், கல்வி, கடும் உழைப்பு, ஒழுங்கு ஆகியவற்றைக் கொரியர் போற்றினர் என்றும், கானா மக்கள் போற்றியவை வேறு என்றும் அவர் கருதினார். சில ஆண்டுகளின் பின் அமர்த்தியா சென் இதனை மறுத்தார். 1960களிலேயே கொரியாவில் எழுத்தறிவு கானாவிலும் மிக உயர்ந்திருந்தது. அங்கு வணிக வகுப்பொன்று வேரூன்றியிருந்தது. அரசு தொழில் வளர்ச்சியைத் தானே முன்னின்று நடத்தியது. யப்பானுடனும் அமெரிக்காவுடனும் நெருங்கிய பொருளாதாரத் தொடர்பும் இருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பண்பாட்டின்மேற் பழியையோ புகழையோ ஏற்றுவது எப்படித் தகும் என்பது சென்னின் வாதம்.

இவ்விருவர் கருத்துக்களையும் வகுப்பிற் கூறியபோது மாணவர் ஒருவர் என்னை ஒரு வினா வினவினார்: “ஐயா, பண்பாடுதான் காரணமென்றால் இரு நாட்டாரும் ஒரே நாட்டிற் போய் வாழும்போதும் அந்தப் பத்து மடங்கு வேறுபாடு இருக்க வேண்டுமல்லவா?” வினா எளியது. பேராசிரியர் பலர் தம் நூல்களிற் கேட்க மறந்ததும் அதுவே என எனக்குத் தோன்றிற்று. மக்கள் புறப்படும்போது பண்பாட்டைக் கூடவே கொண்டு செல்கின்றனர். அரசையும் துறைமுகத்தையும் கொக்கோ விலையையும் விட்டுச் செல்கின்றனர். ஆகவே ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய கொரியரையும் கானா நாட்டாரையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

முதலிற் கொரியர். 1903ஆம் ஆண்டு சனவரியில் ஏறத்தாழ நூறு கொரியர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய் வந்திறங்கினர். அடுத்த இரண்டாண்டுகளில் அத்தொகை ஏழாயிரத்தை எட்டிற்று. பின்னர் வழி அடைபட்டது. கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் போர்வீரரை மணந்த பெண்களும், தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளும், மாணவரும் சிறுகச் சிறுக வந்தனர். 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி சனாதிபதி ஜோன்சன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம் பழைய இன அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஒழித்தபோதுதான் கதவு திறந்தது. அதன் வழியே வந்தோர் ஏழைக் குடியானவர் அல்லர். வைத்தியர், தாதியர், மருந்தாளர், பொறியியலாளர், பட்டதாரி எழுதுவினைஞர். 1963க்கும் 1977க்கும் இடையில் ஏறத்தாழ எட்டாயிரம் கொரியர் சுரங்கத் தொழிலாளராயும், பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தாதியராயும் மேற்கு ஜேர்மனிக்குச் சென்றிருந்தனர். அவர்களுள்ளும் ஒரு பகுதியினர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கடல் கடந்தனர்.

வந்த பட்டதாரிகளுக்குக் காத்திருந்தது ஏமாற்றமே. ஆங்கிலம் நாவில் ஏறவில்லை. சியோலிற் பெற்ற சான்றிதழை அமெரிக்கக் கந்தோர்கள் மதிக்கவில்லை. ஆகவே மருந்தாளர் மரக்கறி விற்றார். ஆசிரியர் சலவைக் கடை வைத்தார். கொரியர் பிறவி வணிகர் என்று சொல்வோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். கற்றோர் வணிகத்தைத் தாழ்வாக எண்ணிய நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தராசைக் கையில் எடுக்கச் செய்தது பண்பாடன்று; வேறு வழியின்மையே.

எந்தக் கடை, எங்கே என்பதும் ஆராயத்தக்கது. 1960களின் நடுப்பகுதியிற் சீனக் கூந்தலாற் செய்த பொய்முடிகளை அமெரிக்கா இறக்குமதி செய்யாது தடுத்தது. கம்யூனிசச் சீனாவைத் தண்டிக்க எண்ணிய அச்சட்டம் கொரியாவுக்கு நல்வாய்ப்பாயிற்று. பொய்முடி, கொரியாவின் முதன்மையான ஏற்றுமதிப் பொருட்களுள் ஒன்றாய் வளர்ந்தது. குடியேறிய கொரியர் அதனைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீடு வீடாய், தெருத் தெருவாய் விற்றனர்; சேர்த்த பணத்திற் கடை திறந்தனர். நியூ யோர்க்கிலோ மரக்கறிக் கடைகள் அவர்கள் கைக்கு வந்தன. இத்தாலியரும் யூதரும் மூப்பெய்தி, அவர்தம் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றுவிட, கைமாறக் காத்திருந்த கடைகள் அவை. நள்ளிரவில் எழுந்து புரொங்ஸ் பகுதியிலுள்ள ஹன்ட்ஸ் பொயின்ட் மொத்தச் சந்தைக்கு லொறியோட்டிச் சென்று, வெள்ளை வியாபாரிகளின் ஏச்சையும் கேட்டு, விடியுமுன் பழங்களை அடுக்கிவைத்துக் கடை திறப்பது அவர்களது அன்றாட வாழ்வாயிற்று. சம்பளமின்றி உழைத்த மனைவியின் கையும், பள்ளி விட்டு வந்து பணப்பெட்டியருகே இருந்து வீட்டுப்பாடம் செய்த பிள்ளையின் கையும் அக்கடையின் மூலதனத்திற் சேர்ந்தவை. எந்தப் புள்ளிவிபரமும் அவற்றைக் கணக்கெடுப்பதில்லை.

மற்றொரு மூலதனம் ‘கியே’. நம்மூரிற் சீட்டுப் பிடித்தல் என்கிறோமே, அதுவேதான். பத்து இருபது பேர் கூடி மாதந்தோறும் ஒரு தொகையிட, ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுவதையும் எடுப்பர். முறை வைத்து எடுப்பதும் உண்டு. ஏலங்கூறி எடுப்பதும் உண்டு. வங்கி கதவடைத்த இடத்திற் சீட்டு கடன் கொடுத்தது. பின்னர் அவர்கள் தமக்கென வங்கிகளையும் நிறுவிக்கொண்டனர். 1982இல் லொஸ் ஏஞ்சல்சில் தோன்றிய ஹன்மி வங்கி அவற்றுள் ஒன்று.

இனிச் சுவையான செய்தி யாதெனில், கானா நாட்டாரிடமும் இதே சீட்டு உண்டு. அதற்கு ‘சூசூ’ என்று பெயர். அக்ராவிலும் குமாசியிலும் சூசூ சேகரிப்பவர் நாள்தோறும் சந்தைக்குச் சென்று கடைப்பெண்களிடம் சிறு தொகை பெற்று அட்டையிற் குறிப்பார். மாத முடிவில் ஒரு நாட் பணத்தைத் தம் கூலியாக எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பார். வட்டி இல்லை, சேமிப்பவரே கூலி கொடுக்கிறார். அஃதன்றி, நமது சீட்டைப் போல் முறைவைத்து எடுக்கும் சூசூவும் உண்டு. புரொங்சில் வாழும் கானா நாட்டார் நடத்துவது பெரும்பாலும் இவ்வகையே. சிக்கனம் கொரியருக்கு உரியது, கானா நாட்டாருக்கு அந்நியமானது என்று எழுதிய பேராசிரியர், மேற்காபிரிக்கச் சந்தையில் ஒரு நாட் காலை நின்றிருந்தால் வேறு விதமாய் எழுதியிருப்பார் என்பது என் துணிபு.

அவ்வாறாயின் கியே கடையாய் முளைக்க, சூசூ ஏன் முளைக்கவில்லை? விடை, கானா நாட்டார் வந்த காலத்திலும் வந்த வழியிலும் உள்ளது.

கானாவிலிருந்து முதலில் அமெரிக்கா சென்றோர் கல்வி தேடிச் சென்றோர். குவாமே நிக்குருமா 1930களிற் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். குமாசியிற் பிறந்த கோபி அனான் 1961இல் மினசோட்டாவில் உள்ள மக்கலஸ்டர் கல்லூரியிற் பட்டம் பெற்றார். (அவர் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் பதவியை விட்டு நீங்கியபோது, 2007இல் அவ்விடத்திற்கு வந்தவர் பான் கி மூன் என்னும் கொரியர்.) படித்தோர் திரும்பிச் செல்வதே அக்கால வழக்கு. 1966இல் நிக்குருமா ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அடுத்தடுத்துப் படையினர் ஆட்சி வந்தது. கொக்கோ விலை சரிந்தது. பிழைப்புத் தேடி நைஜீரியாவுக்குச் சென்றவர்களை அந்நாடு 1983இல் வெளியேற்றிற்று. பத்திலட்சத்துக்கு மேற்பட்ட கானா மக்கள் கையிற் கிடைத்ததைக் கட்டுப்போட்ட பைகளில் அடைத்துக்கொண்டு, வறட்சியால் வாடிய தாயகத்துக்கு மீண்டனர். அதன் பின்னரே கடல் கடக்கும் எண்ணம் பரவலாயிற்று.

அமெரிக்கா 1990இல் இயற்றிய குடிவரவுச் சட்டம் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் போன்ற ஒரு விசா முறையைத் தோற்றுவித்தது. 1995 முதல் அது முழுமையாக நடைபெற்றது. அமெரிக்காவுக்கு மிகுதியாய் ஆளனுப்பும் நாடுகள் அதிற் சேர முடியாது. அதனால் தென் கொரியா விலக்கப்பட்டிருந்தது. கானாவோ அதனால் மிகப் பயனடைந்த நாடுகளுள் ஒன்று. எனவே கொரியர் பெரும்பாலும் தொழிற்றகுதியாலும் உறவினர் அழைப்பாலும் பின்னாளில் மூலதனத்தாலும் வந்தனர்; கானா நாட்டாரிற் பலர் குலுக்கலில் வந்தனர். உயர்தரப் பள்ளிப் படிப்போ தொழில் அனுபவமோ இருந்தாற் போதும் என்பது அதன் விதி. ஆங்கிலம் கற்று வந்தமையால் அவர்களுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்தமையாற் கடை வைக்க வேண்டிய நெருக்கடி எழவில்லை.

என்ன வேலை? பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும். நியூ யோர்க்கின் புரொங்ஸ், மசச்சூசெட்சின் வூஸ்டர், ஒகையோவின் கொலம்பஸ், வேர்ஜீனியா, மேரிலாந்து என்று எங்கே சென்றாலும் இதுவே கதை. குமாசியில் ஆசிரியையாய் இருந்தவர் இங்கே கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணிப்பெண்ணாகின்றார். இரவு வேலை முடிந்ததும் பகலில் வகுப்புக்குச் சென்று உதவித் தாதியாகின்றார். பின்னும் சில ஆண்டு படித்துப் பதிவு பெற்ற தாதியாகின்றார். வாடகைக் கார் ஓட்டும் கணவனும் இதே பாதையில் வருவதுண்டு. கொரியருக்குக் கடை எதுவோ, கானா நாட்டாருக்குத் தாதித் தொழில் அது. கொரியத் தாதியர் சென்ற படிகளும் இவையே. அவர்கள் ஒரு தலைமுறை முந்திச் சென்றனர்.

இதனால் ஒரு விசித்திரம் விளைந்தது. கடைக்காரக் கொரியரின் வருமானம் உயர்வு. ஆனால் அவருக்கு முதலாளி தாமே ஆகையால் நோய்க் காப்புறுதியோ ஓய்வூதியமோ எவரும் கொடுப்பாரில்லை. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்துக்கு முன் கொரியக் குடியேறிகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் காப்புறுதியற்றிருந்தார். இன்றும் அச்சமூகத்து முதியோரிடையே வறுமை மிகுதி. மருத்துவமனையில் வேலைசெய்யும் கானா நாட்டுப் பெண்ணின் சம்பளம் சிறிது. தொழிற்சங்கம் உள்ள இடத்தில் அவளுக்குக் காப்புறுதியும் ஓய்வூதியமும் உண்டு. யார் நலமாக வாழ்கின்றனர் என்று கேட்டால் எதைக்கொண்டு அளப்பது?

வெறும் எண்களை நோக்கின், 2019ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொரியக் குடும்பங்களின் நடுமட்ட வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 72,000 டொலர். நாட்டின் பொது அளவைவிடச் சற்று மேல். கானா நாட்டாரினது பொது அளவை ஒட்டியே நிற்கின்றது. கொரியருள் இருபத்தைந்து வயதைக் கடந்தோரிற் பாதிக்கு மேல் பட்டதாரிகள்; கானா நாட்டாருள் அவ்விகிதம் அதனிலும் குறைவு. ஆனால் உழைக்கும் வயதினரில் வேலைக்குச் செல்வோர் விகிதம் கானா நாட்டாரிடமே கூடுதல்: ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர். கொரியரிடம் அது பத்தில் ஆறு. முதியோரும் மாணவரும் கொரியரிடையே மிகுதியாதலின் இவ்வேறுபாடு. பிறந்த நாடுகளிற் பத்து மடங்காய் விரிந்த இடைவெளி, ஒரே சட்டமும் ஒரே சந்தையும் உள்ள இடத்தில் இத்துணைச் சுருங்கிவிட்டது என்பதே என் மாணவருக்கு நான் கூறும் விடை. குடியேறுவோர் தெரிந்தெடுக்கப்பட்ட சிலரே, ஒரு நாட்டின் முழு மக்கட்கும் அவர் மாதிரி ஆகார் என்ற மறுப்பு எழும். நியாயமே. ஆனால் அம்மறுப்பு, கொரியக் கடைக்காரரைக் காட்டிக் கொரியப் பண்பாட்டைப் புகழ்வோரையும் சேர்த்தே அடிக்கும்.

வருமானத்தைக் கூறிவிட்டுச் செலவைக் கூறாதுவிடல் ஆகாது. கானா நாட்டார் ஈட்டுவதில் ஒரு பகுதி அமெரிக்காவில் நிற்பதேயில்லை. தம்பியின் பள்ளிக் கட்டணம், தாயின் மருந்து, குமாசியில் ஆண்டுக்கு ஒரு சுவராய் எழும் வீடு, உறவினரின் இறுதிச்சடங்கு என்று அது புறப்பட்டுவிடுகின்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் கானாவுக்கு அனுப்பப்படும் பணம் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 400 கோடி டொலரைத் தாண்டியுள்ளது. நியூ யோர்க்கிற் கடையாக முளைத்திருக்கக்கூடிய சூசூப் பணம் குமாசியிற் கூரையாகின்றது. கொரியரிடையே பணம் எதிர்த்திசையிற் பாய்ந்தது. தந்தை சியோலில் உழைத்துக்கொண்டிருக்க, தாயும் பிள்ளைகளும் ஆங்கிலக் கல்விக்காக அமெரிக்காவில் வாழும் குடும்பங்கள் 1990களிலிருந்து பெருகின. அத்தந்தைக்குக் கொரிய மொழியிற் காட்டுவாத்துத் தந்தை என்று பெயர். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பறந்து வந்து பிள்ளை முகம் பார்த்துச் செல்வதால். ஒரு சமூகத்துக்குத் தாயகம் பணம் அனுப்புகிறது. மற்றச் சமூகம் தாயகத்துக்குப் பணம் அனுப்புகிறது. இவ்விரு வீடுகளின் வருமானத்தையும் ஒரே பட்டியலில் எழுதி ஒப்பிடுவது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே சிந்திக்க.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கானா நாட்டான் அமெரிக்க மண்ணில் இறங்கிய அன்றே கறுப்பினத்தவனாகிவிடுகின்றான். அதற்கு முன் அவன் அசாந்தி, ஃபான்டி, எவே என்ற பெயர்களால் தன்னை அறிந்தவன். வீட்டுக்கடன், வாடகை வீடு, பதவி உயர்வு, தெருவிற் பொலிசாரின் பார்வை ஆகிய எல்லாவற்றிலும் அந்நிறம் முன்னே வந்து நிற்கும். அதனை மறைக்காது கூறவேண்டும். கொரியருக்கும் இன வெறுப்புப் புதியதன்று. ஆயினும் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீடும் வங்கியிற் கேட்ட கடனும் அதே அளவுக்கு மறுக்கப்பட்டதில்லை.

கறுப்பினப் பகுதிகளிற் கடை வைத்த கொரியர் அதற்கு வேறொரு விலை கொடுத்தனர். 1991 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்சில் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியொருத்தி, ஒரு போத்தல் பானம் பற்றி எழுந்த பிணக்கிற் கொரியக் கடையொன்றிற் சுட்டுக் கொல்லப்பட்டாள்; சுட்டவருக்குச் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஏப்பிரில் 29ஆந் திகதி, ரொட்னி கிங் என்பவரை அடித்த பொலிசார் விடுவிக்கப்பட்டதும் நகரம் தீப்பற்றிற்று. ஏறத்தாழ 2,300 கொரியக் கடைகள் சேதமுற்றன. இழப்பு 40 கோடி டொலர் அளவு. பொலிசார் செல்வர் வாழும் பகுதிகளைக் காத்துநின்றனர். கொரியர் தம் கடைக் கூரைமேல் தாமே துப்பாக்கியுடன் நின்றனர். அந்நாளைக் கொரியர் ‘சா-இ-கு’ என்பர். நாலு, இரண்டு, ஒன்பது என்பது பொருள். இருபது ஆண்டு உழைப்பு ஓரிரவிற் சாம்பலானோர் பலருள் மீண்டும் கடை திறவாதோரும் உண்டு. கடையைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல அவர்கள் எண்ணியதுமில்லை. பிள்ளைகள் சட்டமும் மருத்துவமும் கணக்கியலும் படித்து வெளியேறினர். நியூ யோர்க்கின் கொரிய மரக்கறிக் கடைகளும் ஏறிய வாடகையாலும் பெருங்கடைகளின் போட்டியாலும் இப்போது அருகிவிட்டன.

இன்றும் இரு சமூகமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. செனகல், மாலி, கானா முதலிய நாடுகளிலிருந்து வந்த பெண்கள் அமெரிக்க நகரங்களிற் சிகை பின்னும் நிலையங்கள் வைத்திருக்கின்றனர். ஒரு தலையைச் சிறு சிறு பின்னலாய்ப் பின்னி முடிக்க அரை நாளும் செல்லும், விரல் வீங்கும். பின்னலிற் சேர்க்கும் செயற்கை மயிரை அவர்கள் வாங்குவது பெரும்பாலும் கொரியர் கடையில். பொய்முடிப் பெட்டியுடன் தெருவில் நின்றவர்களின் வாரிசுகள் நடத்தும் கடைகள் அவை. மொத்த விற்பனையும் கொரியர் கையிலேயே பெரும்பாலும் உள்ளது. பின்னும் பெண்ணுக்குக் கூலி. மயிர் விற்பவருக்கு இலாபம். ஐம்பது ஆண்டு முந்தி வந்தவர்க்கும் நேற்று வந்தவர்க்கும் உள்ள தூரம் அக்கடையின் பணமேசையளவே.

புள்ளிவிபரம் பற்றி இறுதியாக ஒன்று. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் கொரியர் என்பதற்குத் தனிக் கட்டம் நெடுங்காலமாய் உண்டு. அதனால் அங்கே பிறந்த பேரப்பிள்ளையான வைத்தியனும் சட்டத்தரணியும் கொரியர் கணக்கில் சேர்ந்து அதன் சராசரியை உயர்த்துகின்றனர்; ஏறத்தாழ இருபது இலட்சம் என்ற தொகை அவ்வாறு வந்தது. கானா நாட்டாரைப் பற்றிக் கூறும் கணக்குகளோ பெரிதும் கானாவிற் பிறந்தோரையே எண்ணுவன. 2000ஆம் ஆண்டில் 65,000 அளவில் இருந்த அவர்கள் இருபது ஆண்டுகளில் இரண்டு இலட்சத்தை எட்டினர். அவர்கள் பிள்ளைகள் ‘கறுப்பினத்தவர்’ என்ற பெருங்கட்டத்துள் மறைந்துபோயினர். கறுப்பினக் கட்டத்தின் கீழே தம் மூலநாட்டை எழுத 2020ஆம் ஆண்டுப் படிவத்திற்றான் முதன்முறையாக ஒரு கோடு இடப்பட்டது. புரொங்சிற் பிறந்து தாதியின் மகளாய் வளர்ந்து இன்று வைத்தியக் கல்லூரியிற் பயிலும் பெண், அக்கோட்டில் கானா என்று எழுதினாளா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது அடுத்து வரும் ஒப்பீடு.